தகுதிச் சுற்று நேரத்தை வைத்து ஸ்பிரிண்ட் வெற்றியாளரைக் கணிக்கலாமா?

உலக ஓடுபாதைச் சைக்கிளோட்டச் சம்பியன்ஷிப்பின் ஸ்பிரிண்ட் எனும் குறுந்தூர ஓட்டத்தில் யார் வெல்வார் என்பதைத் தகுதிச் சுற்று நேரம் மட்டும் காட்டாது என்பதே என் பதில். அச்சுற்றில் வீரர் தனியே வேகமெடுத்து இறுதி 200 மீற்றரைக் கடக்கிறார். பின்னர் வருவதோ இருவர் மோதும், பாதையை மூன்று முறை சுற்றும் ஓட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லவ்ரெய்சன் 9.088 செக்கனிலும், அப்போது அவுஸ்திரேலியாவுக்காக ஓடிய மத்தியூ ரிச்சர்ட்சன் 9.091 செக்கனிலும் கடந்தனர். தங்கம் லவ்ரெய்சனுக்குக் கிடைத்தது என்றாலும், அந்த 0.003 செக்கனை வைத்து எவரும் அதைத் துணிந்து சொல்லியிருக்க முடியாது.

உண்மையான போட்டி காற்றோடுதான். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று வீசும்போது முன்னே செல்பவரின் பின்சில்லை ஒட்டி மிதித்தவருக்கு, பின்னால் வருபவர் எவ்வளவு பலத்தைச் சேமிக்கிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஓட்டத்தில் பாதையை முதன்முறை சுற்றும்போது முன்னவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடி, பிறேக் இல்லாத வண்டியைச் சரிவான பாதையில் ஏறக்குறைய அசையாமல் நிறுத்தி, மற்றவரை முன்னே போகவைக்கப் பார்க்கிறார். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டினாலும், எனக்கு இந்த விளையாட்டின் மிக அழகான கணம் இதுவே.

ஆகவே வீரர்களை ஒப்பிடும்போது, முன்னிருந்தும் பின்னிருந்தும் வெல்லக்கூடியவர் யார் என்று அவர்களின் பழைய ஓட்டங்களைப் பாருங்கள்.