‘ஹைட்ரஜன்’ என்று போர்டு வைத்த டிகிரிதான் வேண்டுமா?

அம்மா, மகள் ஃபியூயல் செல் பக்கம் போக ஆசைப்படுகிறாள், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் போட்டால் கடைசியில் டியூஷன் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானா என்று கேட்டிருந்தீர்கள். கெமிஸ்ட்ரியைக் கண்டு எனக்குப் பயமில்லை. நீங்கள் அனுப்பிய ‘கிரீன் எனர்ஜி’ பிராஸ்பெக்டஸைப் பார்த்துத்தான் பயம். நாலு வருஷத்தில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி பரிமாறுகிற படிப்பு அது.

ஃபியூயல் செல்லில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டும் சேர்ந்து தண்ணீராகும்போது கரண்ட் வருகிறது. ஹைட்ரஜன் சட்டென்று வேலை செய்துவிடும். ஆக்சிஜன்தான் முரண்டு பிடிக்கும். அதை நகர்த்தத்தான் கார்பன் தூள்மேல் சில நானோமீட்டர் அளவில் பிளாட்டினத் துகள்களைப் பதிக்கிறார்கள். பிளாட்டினம் விற்கிற விலையில் இது கட்டுப்படியாகுமா? கோபால்ட், நிக்கல் கலந்து அதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கார்பனையும் முயன்று பார்க்கிறார்கள். அது முதலில் நன்றாக ஓடும், அமிலச் சூழலில் சீக்கிரமே களைத்துவிடும். உங்கள் மகள் நுழைய நினைப்பது இந்தச் சிக்கலுக்குள்தான். அதற்கு முதலில் வேண்டியது ஆழமான வேதியியல், ஸ்பெஷலைசேஷன் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் வந்தால் போதும்.

ஒரு லேபில் நான் பார்த்தது: ஒரு மாணவி பென்சில் முனை அளவு கார்பன் எலக்ட்ரோடை அலுமினா குழம்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள், லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப. பிறகு அதன்மேல் ஒரே ஒரு சொட்டு கறுப்பு மை, அந்தப் பிளாட்டினம் பதித்த கார்பன் தூளைக் கரைத்தது. காய்ந்தபோது ஓரத்தில் வளையம் கட்டிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எட்டு. மார்க்கை விட இந்தப் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

வழி இதுதான்: பி.எஸ்சி., ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது கேட் தேர்வு எழுதி பிஎச்.டி. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இன்ஜினியரிங்தான் என்றால் கெமிக்கல் அல்லது மெட்டலர்ஜி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து காரைக்குடிக்கு வந்த சிக்ரி, மின்சாரமும் வேதிமாற்றமும் சேர்கிற இந்த எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்கென்றே இருக்கிற மத்திய ஆய்வு நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கிலும் ஏ.ஆர்.சி.ஐ. என்கிற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் ஃபியூயல் செல் மையம் இருக்கிறது.

பி.எஸ்சி. முடித்த கையோடு ஃபியூயல் செல் வேலை என்று மட்டும் நம்ப வேண்டாம். மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ஒதுக்கியிருப்பது நல்ல செய்திதான். அதை நம்பி மட்டும் பெண்ணைப் படிக்க வைக்காதீர்கள். அதே எலக்ட்ரோகெமிஸ்ட்ரிதான் பேட்டரிக்கும், முலாம் பூசுவதற்கும், துருத் தடுப்புக்கும். ஹைட்ரஜன் மெதுவாக வந்தாலும் அவள் கை சும்மா இருக்காது.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போய், “பொட்டென்ஷியோஸ்டாட் இருக்கா, பசங்க அதைத் தொட விடுவீங்களா?” என்று கேளுங்கள். எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி கரண்டை அளக்கிற கருவி அது. பூட்டிய பீரோவைக் காட்டினால் அடுத்த காலேஜுக்குக் கிளம்பிவிடுங்கள்.