அணுக்கடிகாரத்துக்கு அணுக்களே லேசராக முடியுமா?

கேள்வி: "அணுக்கள் கூட்டாக ஒளிவிடும் லேசர் வந்தால் அணுக்கடிகாரம் இன்னும் துல்லியமாகும் என்கிறார்களே, இப்போதுள்ள லேசருக்கு என்ன குறை?"

குறை கண்ணாடியில். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் பார்த்துக்கொண்ட நாட்களில், மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியில் (கண்ணாடி நகரும் தூரத்தை ஒளி அலைகளால் அளக்கும் கருவி) மாணவர்களோடு ஒளி வளையங்களை எண்ணுவோம். வெளியே ஒரு பஸ் போனால் போதும், வளையங்கள் நடுங்கி எண்ணிக்கை தொலைந்துவிடும். மறுபடி ஒன்று, இரண்டு...

கடிகார லேசருக்கும் அதே தலைவலிதான். ஸ்ட்ரான்சியம் அணுக்கடிகாரம் நொடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி ஒளி அலைவுகளை நம்பி ஓடுகிறது. அணுக்களின் தாளத்தோடு ஒத்துப்பார்க்கும் அந்த லேசரின் அதிர்வெண்ணைப் பிடித்துவைப்பது எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரம். பஸ்ஸை நிறுத்திவிடலாம். கண்ணாடியின் சொந்த வெப்ப நடுக்கத்தை? அதற்காகக் கண்ணாடிகளைத் தாங்கும் சிலிக்கான் படிகத்தை 4 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிரவைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வழியை 2009இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள ஜிலா ஆய்வகத்தினர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆற்றல் ஏறிக் கிளர்ந்த ஸ்ட்ரான்சியம் அணு பெரிய சோம்பேறி. ஒளியை விடாமல் நூறு நொடிக்கு மேல்கூட உட்கார்ந்திருக்கும். ஆனால் பல அணுக்கள் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் கதை வேறு. படகு இழுப்பவர்கள் 'ஐலசா' போடுவது போலத்தான். ஆயிரம் அணுக்கள் ஒத்திசைந்தால் ஒளியின் செறிவு ஓர் அணுவைப் போல ஆயிரம் மடங்கு அல்ல, உச்சத்தில் சுமார் இரண்டரை லட்சம் மடங்கு. இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி 1954இலேயே சொன்ன விஷயம் இது.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். சாதாரண லேசரில் தாளத்தை நினைவு வைத்திருப்பது கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் ஒளி. இங்கே நினைவு அணுக்களிடம் இருக்கிறது. கண்ணாடிகளின் வேலை அணுக்களுக்கிடையே சேதி கொண்டுபோவது மட்டும், அதனால் அவை நடுங்கினாலும் அதிர்வெண் அவ்வளவாக அசையாது. 2012இல் ஜிலாவில் ஜேம்ஸ் தாம்ப்சன் குழு ருபீடியம் அணுக்களை வைத்து இதைச் செய்தபோது, கண்ணாடிகளுக்கு நடுவே சராசரியாக ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள்கூட இல்லை. 0.2க்கும் குறைவு!

அப்புறம் ஏன் கடைக்கு வரவில்லை? 2016இல் அதே குழு கடிகாரத்துக்குரிய ஸ்ட்ரான்சியம் ஒளியையே இப்படி வரவழைத்தது, ஆனால் விட்டுவிட்டு வரும் துடிப்புகளாக. தொடர்ந்து எரியவேண்டுமானால் அணுக்களை மீண்டும் மீண்டும் கிளர்த்த வேண்டும். அதில் அவை சூடாகி ஓடிவிடும். ஓடியவற்றின் இடத்தைப் புது அணுக்களால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்த அந்த இலையிலேயே, பக்கத்து இலைக்காரர் கை நிற்காமல், அடுத்தவரை உட்காரவைக்க வேண்டும். அந்தப் பரிமாறலோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.