பாலையாவின் கேட்கும் முகம்

அன்புள்ள ஐயா,
‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது முழுக்க நாகேஷின் காட்சியல்லவா? டி.எஸ்.பாலையா உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதானே? அவரை ஏன் பெரிய நடிகர் என்கிறீர்கள்?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காட்சியை இன்னொரு முறை, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்தபடி ஓடவிடுங்கள். மகன் ஏதோ உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு உட்காரும் அந்தப் பணக்காரத் தகப்பனின் முகத்தில் பயம் எந்தக் கணத்தில் நுழைந்தது என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் கதை வளர வளர அவர் முழுதாக அதன் பிடிக்குள் போயிருப்பார். அவர் பயப்படுவதனால்தான் நாகேஷின் பேய் நமக்கும் தெரிகிறது.

இது நாடக மேடை தந்த பயிற்சி என்றே நினைக்கிறேன். மேடையில் குளோசப்பும் கிடையாது, வெட்டி ஒட்டுவதும் கிடையாது. அடுத்தவர் வசனம் பேசும் நேரமெல்லாம் நடிகன் சபையின் கண்ணெதிரே பாத்திரமாகவே நின்றாக வேண்டும். 1914-இல் பிறந்து, நாடகத்திலிருந்து 1936-இல் ‘சதி லீலாவதி’ வழியாகத் திரைக்கு வந்த பாலையா, அந்தப் பழக்கத்தைக் கடைசிவரை கைவிடவில்லை. எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அதில் வில்லனாக வந்த பாலையா நெடுங்காலம் வில்லனாகவே அறியப்பட்டார்; ஆனால் பிற்காலத்து அப்பாக்களை மட்டும் பார்த்தவர்கள் அவரை நகைச்சுவை நடிகராக எண்ணிவிடுகிறார்கள்.

‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து, பாண்டியன் சபையையே அற்பமாகப் பார்க்கும் அந்தச் செருக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதைவிட உயர்ந்ததாகப் படுவது, இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கும் இடம். பாடியவன், தன்னோடு போட்டியிடப்போகும் பாணபத்திரர் சீடனாக ஏற்க மறுத்தவன் என்று அறிந்ததும், இவனே இப்படிப் பாடினால் அவர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அந்த முகத்தில் ஓடுகிறது. வித்வான் என்பதால்தான் தன் தோல்வி அவருக்கு உடனே புரிகிறது. அந்த நுட்பத்தைப் பாலையா விட்டுவிடவில்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பார்க்கும்போதும் இதையே கவனியுங்கள். தவில்காரரான அவர், நாயனம் வாசிக்கும் சிவாஜியின் முகத்தைப் பார்க்கும் பார்வையில், பக்கவாத்தியக்காரரின் கவனமும் கோபக்கார வித்வானைக் கட்டிக்காக்கும் மூத்தவரின் கவலையும் சேர்ந்தே இருக்கும். பாலையா 1972-இல் காலமானார். அவருடைய வில்லன் காலத்தை அறிய 1937-இல் வந்த ‘அம்பிகாபதி’யிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்.