மோதிரத்த அடகு வெக்காதீங்க அக்கா

கேள்வி: தண்டையார்பேட்டைல இருந்து எழுதறேன், வயசு 46. மார்புல கேன்சர் வந்து இடது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க, முதல்வர் காப்பீட்டு கார்டுல ஆபரேஷன், எட்டு மாசம் ஆவுது. உள்ள பழைய துணிய சுருட்டி வெச்சுக்கறேன், அது மேல ஏறிடுது. உள்ள வெச்சுக்கற செயற்கை மார்பு, சிலிகான்ல செஞ்சது, 9,600 ரூபாயாம். மோதிரத்த சேட்டு கடைல வெச்சு வாங்கலாமா, இல்ல இந்த வயசுல இது வேண்டாத செலவா?

பதில்: அக்கா, வேண்டாத செலவுன்னு யார் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. ஒரு பக்கம் வெயிட்டு இல்லாம போனா தோள் சாஞ்சு கழுத்து, முதுகுனு வலி பிடிச்சுக்கலாம். எங்க பெரியம்மாவும் இப்படிதான் துணி வெச்சுக்கிட்டு, கல்யாண வீட்ல போட்டோக்கு நிக்காம சமையல்கட்டு பக்கமே இருப்பாங்க, நாங்க கூச்சப்பட்டு கேக்கவே இல்ல, இப்பவும் மனசு உறுத்துது. கண்ணாடி மாத்தற மாதிரி இதுவும் வீட்டு செலவுதான்.

ஆனா மோதிரம் வேணாம். நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டினா மாசம் 192, ரெண்டு வருஷம் இழுத்தா வட்டியே 4,608, அதுக்குள்ள அடுத்தது வாங்கற நேரமும் வந்துடும், ஏன்னா சிலிகான் சுமாரா ரெண்டு வருஷம்தான் நல்லா உழைக்கும். பேங்க்ல 12 மாச ஆர்டி போடுங்க, மாசம் 800. வாங்கினதும் அடுத்ததுக்கு மாசம் 400னு 24 மாசம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி இதுக்கு வேணாம், அது அஞ்சு வருஷம்.

அது வரைக்கும் பருத்தி நூல்ல பின்னின செயற்கை மார்பு போதும், இலவசமா பின்னி குடுக்கறவங்களே இருக்காங்க, அடுத்த செக்கப்ல நர்ஸம்மாகிட்ட கேளுங்க. உங்க பழைய பிரால உள்பக்கம் காட்டன் துணில ஒரு பாக்கெட் தைக்க சொல்லுங்க, மேல ஏறாது.

சிலிகான் வாங்கினா நம்ம ஊரு வேர்வைக்கு தினமும் ராத்திரி சாதா தண்ணில மைல்டு சோப்பு போட்டு கையாலயே கழுவி, துண்டால ஒத்தி எடுத்து, அதோட டப்பாலயே வைங்க, வெயில்ல காய போடாதீங்க. முக்கியமா ஊக்கு, முந்தானைக்கு குத்தறதும் சரி, தாலி சரடுல மாட்டி வெக்கறோமே அதுவும் சரி, நேரா அது மேலதான் வந்து விழும், ஒரு குத்து போதும், உள்ள இருக்கற ஜெல் கசிஞ்சு 9,600 போச்சு. சரடுல இருக்கறத இன்னிக்கே கழட்டிடுங்க. வாங்கறப்போ வாரண்டி கேட்டு, பில்லோட சேத்து ரேஷன் கார்டு வெக்கற கவர்லயே போட்டு வைங்க.