லாகில் எதுவும் இல்லாமல் லினக்ஸ் சர்வர் அடிக்கடி நின்றுபோகிறது, காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

லாகில், அதாவது சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் ஃபைலில், எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதற்குள் நாலு பேர் ரேமை மாற்று, எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளையை) மாற்று என்று சொல்லி, நீங்களும் மாற்றியிருப்பீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய சர்வர் வாரம் இரண்டு முறையாவது ராத்திரியில் நின்றுவிடும். காலையில் போனால் திரை கருப்பு, கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து எழுப்பி லாகைத் திறந்தால் 2 மணிக்கு பேக்கப் தொடங்கியதாக ஒரு வரி, அடுத்த வரியே நான் ஆன் செய்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் இரண்டு தடவை ரேம் மாற்றினார்கள், இரண்டுக்கும் பில்.

சிஸ்டம் சாகும் நேரத்தில் டிஸ்கில் எழுத முடியாமல் போகலாம், ஆனால் பழைய சீரியல் போர்ட்டில் எழுத்து எழுத்தாகத் தள்ள, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. அதனால் பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்புகளில்) முதல் சீரியல் போர்ட்டை 115200 வேகத்தில் கன்சோலாக, அதாவது கர்னலின் செய்திகள் போகும் இடமாகக் கொடுத்து, மறுமுனையில் யுஎஸ்பி கன்வர்ட்டரோடு ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, மினிகாம் என்ற சீரியல் புரோகிராமில் வருவதையெல்லாம் ஃபைலில் சேமிக்கச் சொன்னேன். கேபிள் நல் மோடமாக இருக்க வேண்டும், அதாவது 2, 3 பின்கள் குறுக்கே மாறியிருக்க வேண்டும். கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தது நேர் கேபிள், அதிலேயே ஒரு சாயங்காலம் போனது. அப்புறம் முதல் ராத்திரி வாட்ச்மேன் நல்லெண்ணத்தில் லேப்டாப்பை மூடிவிட்டார், அது தூங்கிவிட்டது. அதன் மேல் 'மூடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டினேன்.

நான்காம் நாள் காலை ஃபைலில் எல்லாம் இருந்தது. 2 மணி 11 நிமிடத்துக்கு டிஸ்க் இணைந்திருக்கும் முதல் சாட்டா போர்ட் பதில் சொல்லவில்லை, ரீசெட், மறுபடி ரீசெட், வேகத்தைக் குறைத்துப் பார்த்து, கடைசியில் டிஸ்கையே கழற்றிவிட்டது கர்னல். டிஸ்கே போன பிறகு லாகை எங்கே எழுதும்? பெட்டியைத் திறந்தால் சாட்டா கேபிள் ஒரு பக்கம் மடங்கி, தொட்டாலே ஆடியது. கேபிளை மாற்றினேன், அதன் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் நெட்கன்சோல் போதுமே என்று யாராவது வருவீர்கள். இந்தக் கேஸில் அதுவும் பிடித்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெட்வொர்க் கார்டே பிரச்சினை என்றால்? அதே மாதிரி, பவரே பட்டென்று போய் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் சீரியலிலும் ஒன்றும் வராது. அப்படி ஒன்றுமே வராதபோதுதான் நான் எஸ்எம்பிஎஸ் பக்கம் போவேன். உங்கள் போர்டின் பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லையென்றால் உள்ளே காம் என்று போட்டு இரண்டு வரிசையில் பின்கள் இருக்கிறதா பாருங்கள், அதற்கு பிராக்கெட் தனியாகக் கிடைக்கும்.

சரி, சர்வர் சரியானதும் மேனேஜர் எல்லோருக்கும் மெயில் போட்டார், ஒப்பந்தக்காரர்களின் விடாமுயற்சிக்கு நன்றி என்று. நான் கைக்காசில் வாங்கிய நல் மோடம் கேபிளுக்கு 250 ரூபாய் கேட்டேன். பில் இல்லை என்று அக்கவுண்ட்ஸில் திருப்பிவிட்டார்கள்.