உறுப்பினர் விலையில் அறை, தங்கியதோ தாய்மாமா: ஹோட்டல் வாங்கிய கூடுதல் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். ஒரு பன்னாட்டு ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் பல வருடமாக இருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கில் என் கணக்கில் உறுப்பினர் விலைக்கு மூன்று அறை போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று திருச்சியிலிருந்து வந்த தாய்மாமா குடும்பத்துக்கு, இன்னொன்று அலுவலக நண்பருக்கு. ஓர் இரவுக்கு 410 ரிங்கிட், மூன்று இரவு, முழுப் பணமும் என் கார்டில் முன்பே கட்டியாகிவிட்டது. கடைசி நேரத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ‘உறுப்பினர் வரவில்லை, இந்த விலை செல்லாது, இன்றைய விலை 640’ என்று கவுண்டரில் சொல்லி, மாமாவிடம் 720 ரிங்கிட் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். கட்டாவிட்டால் அறை இல்லை என்றார்களாம். அந்தப் பணத்தை மாமாவுக்கு நான் கொடுத்துவிட்டேன். பிறகு என் கணக்கையே மூடி, சேர்த்த புள்ளிகளையும் ரத்து செய்துவிட்டார்கள். நண்பர்களுக்கு அறை போட்டால் அறைக்கு 40 ரிங்கிட் வாங்கிக்கொள்வது உண்டு, அதை நண்பர் கவுண்டரில் சொல்லிவிட்டார். பணமும் புள்ளியும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 40 ரிங்கிட்தான் இந்தக் கடிதத்தில் கனமான விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமாவின் அறை.

நீங்கள் அனுப்பிய விதிமுறையைப் படித்தேன். மூன்று அறை வரை உறுப்பினர் விலையில் எடுக்கலாம், ஆனால் அவற்றில் ஒன்றிலாவது உறுப்பினர் தங்க வேண்டும் என்கிறது. பெரிய குழுமங்கள் பலவற்றில் இதுபோன்ற விதி உண்டு. நீங்கள் வராததால் நிபந்தனையை மீறியது நீங்கள்தான். உறுப்பினர் விலையைத் தர மறுக்க ஹோட்டலுக்கு உரிமை இருந்தது. இதை மறுத்து வாதாடினால் நேரம்தான் விரயம்.

ஆனால் மறுத்துவிட்டு எவ்வளவு வாங்கலாம்? இங்கேதான் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் எந்த விலை பொருந்தும் என்று விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 74, 75-ஆம் பிரிவுகளின்படி மீறலுக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு, தண்டனை அல்ல. நீங்கள் அறை போட்ட அன்று உறுப்பினர் அல்லாதவருக்கு விலை 445 என்று உங்கள் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறது. ஹோட்டல் இழந்தது இரவுக்கு 35, மூன்று இரவுக்கு 105 ரிங்கிட். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஊரே திரண்டு வரும் நாளில், அறை கிடைக்காதவர்களுக்காக ஏற்றி வைத்த 640 ரிங்கிட்டை, முன்பே பணம் கட்டி அறையை உறுதி செய்தவர் தலையில் கட்டுவது என்ன கணக்கு?

மாமா சம்மதித்துத்தானே கட்டினார் என்பார்கள். பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் லாபியில் நிற்பவருக்கு வேறு வழி என்ன? கட்டாயத்தின் பேரில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவு. 1988-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான சின் நாம் பீ வழக்கு இதற்கு ஏற்ற முன்னுதாரணம். கூடுதலாக 4,000 ரிங்கிட் கட்டாவிட்டால் பதிவை ரத்து செய்வோம் என்று வீடு வாங்கியவர்களிடம் ஒரு வீடமைப்பு நிறுவனம் மிரட்டி வாங்கியது. அது மனமுவந்து கட்டிய பணம் அல்ல என்று சொல்லி, திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனி பில்லைப் பாருங்கள். 720-இல் 30 ரிங்கிட் சுற்றுலா வரி. 2017 முதல் வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வசூலிக்கிறார்கள். மலேசியருக்குக் கிடையாது, மாமா இந்தியக் கடப்பிதழ்காரர், அது சரியான வசூல். மீதி 690-இல் ஹோட்டலுக்குச் சேர வேண்டிய 105 போக 585 ரிங்கிட். இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். முழுத் தொகையைக் கேட்டால் உங்கள் நியாயம்தான் அடிபடும்.

எங்கே கேட்பது? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில். கட்டணம் 5 ரிங்கிட், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பொதுவாக அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, வக்கீலான எனக்கு அதில் வருமானமில்லை. நீங்களே பேசுவீர்கள், அவர்கள் தரப்பிலும் ஊழியர்தான் வருவார். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

எதிர்மனுதாரர் பெயரில் பலர் சறுக்குகிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது பன்னாட்டுப் பெயர், கட்டடத்தை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) ஒன்று. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அதன் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும், அதையே எழுதுங்கள். மாமாவின் கார்டு ரசீது, நீங்கள் அவருக்குப் பணம் அனுப்பிய சான்று, 445 விலையைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 40 ரிங்கிட். மடியில் கனம் அதுதான். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, வாங்கிய சேவையை வியாபாரமாக மறுபடி விற்பவர் பயனீட்டாளர் ஆகமாட்டார். மாமாவிடம் நீங்கள் எதுவும் வாங்கவில்லை, ஆகவே அந்த அறை வரைக்கும் நீங்கள் பயனீட்டாளர்தான். நண்பரின் அறைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் கூடுதலாகக் கட்டியிருந்தால் அவரே தனியாக மனு செய்யட்டும், உங்கள் மனுவில் அதைச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் செய்தியையும் பார்த்தேன்: ‘மெம்பர் விலையில் ரூம் வேணுமா, பிரேக்ஃபாஸ்ட் ஃப்ரீ, என்னைக் கேளுங்க.’ உறவுக்காரருக்கு அறை போட்டுக் கொடுப்பது உதவி. இப்படி அறிவித்து, அறைக்கு இவ்வளவு என்று தொடர்ந்து வாங்குவது சுற்றுலாத் தொழில் சட்டம் 1992-இன் கீழ் உரிமம் தேவைப்படும் பயண முகவர் தொழில் போலத் தோற்றமளிக்கும். அமைச்சிடம் புகார் போனால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள். இன்றோடு நிறுத்துங்கள். இன்னொன்று, நண்பர்கள் கவுண்டரில் உங்கள் பெயரைச் சொல்லிச் சாவி வாங்கும் பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தண்டனைச் சட்டம் 416-ஆம் பிரிவில் வரும், மாட்டிக்கொள்வது உங்கள் நண்பராகத்தான் இருக்கும்.

புள்ளிகள் விஷயத்தில் பெரிய நம்பிக்கை தர முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளை எதிர்க்கப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 3ஏ என்ற பகுதி இருக்கிறது, உண்மை. ஆனால் மறுவிற்பனை கூடாது என்ற விதியை நியாயமற்றது என்று சொல்ல எனக்கே வாய் வராது. ஒரே வழி, நீங்களே தங்கிச் சேர்த்த புள்ளிகளைத் தனியாகப் பிரித்து, தேதி வாரியாகப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் திருப்பித் தருமாறு குழுமத்துக்கு எழுதுவது. பணிவாக எழுதுங்கள், இது உரிமைக் கோரிக்கை அல்ல, வேண்டுகோள். 585 ரிங்கிட் விவகாரத்தை அந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் எதிர்த்தரப்பு வேறு வேறு.

அடுத்த முறை மாமா வரும்போது அவர் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலான குழுமங்களில் சேரக் கட்டணம் இல்லை, அதே உறுப்பினர் விலை அவருக்கும் கிடைக்கும்.