கேமராவோடு குதிக்கும் ஸ்கைடைவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு விட்டுவிடுவார்களா?

கேள்வியோடு ஒரு துணைக் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள், இவர்களுக்கு வேறு பொழுதுபோக்கே இருக்காதா என்று. என் கதையை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். துபாயில் ஏசி பராமரிப்பு வேலை பார்த்த காலத்தில் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டேன். பிறகு விடுமுறை நாட்களில் கேமரா ஃப்ளையராகக் குதித்தேன். இப்போது ஊரோடு வந்து மாந்தோப்பு பார்க்கிறேன்.

கேமரா ஃப்ளையர் என்றால் தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு ஜாலியாகக் குதிக்கிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு வானத்தைப் பார்க்கக்கூட நேரம் கிடையாது. தாலி கட்டும்போது மண்டபமே அட்சதை போட, போடாமல் நிற்கிற ஒரே ஆள் வீடியோக்காரர் இல்லையா, அந்த வேலைதான் இது.

டேண்டம் குதிப்பில் புது ஆளைப் பயிற்றுநரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சுமார் 13,000 அடி உயரத்தில் கதவு திறக்கும். கேமராக்காரர் அவர்களுக்கு முன்னால் வெளியே போய், விமானத்தின் வெளிப்பக்கம் இருக்கும் சின்னப் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். காற்று முகத்தில் அறையும். உள்ளே பயிற்றுநர் முன்னும் பின்னும் ஆடி எண்ணுவார். அவர் பாய்வதற்கு ஒரு கணம் முன்னால் நாம் கையை விட வேண்டும். பிந்தினால் படத்தில் அவர்களுடைய காலணியின் அடிப்பக்கம்தான் தெரியும். முந்தினால் இரண்டு பேரும் புள்ளியாகிவிடுவார்கள். வாடிக்கையாளர் வாழ்நாள் முழுக்கப் போட்டுப் பார்க்கப் போவது அந்த இரண்டு மூன்று நொடியைத்தான்.

அப்புறம் வேகம். வயிறு கீழே பார்க்க விழுந்தால் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். இரண்டு ஆள் எடை சேர்ந்தால் இன்னும் வேகமாகப் போகும் என்பதால் டேண்டம் ஜோடிக்குப் பின்னால் ட்ரோக் என்ற சின்னக் குடை ஒன்று இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் ஆளுக்கு ஆள் எடை மாறும். நம் உடையில் கைக்கும் இடுப்புக்கும் நடுவே இறக்கை போலத் துணி வைத்துத் தைத்திருக்கும். கனமான ஆள் வந்தால் அதை ஒடுக்கி, கை காலைச் சுருக்கி வேகம் பிடிக்க வேண்டும். ஒல்லியான ஆள் என்றால் விரித்துப் படுக்க வேண்டும். அவர்களுக்கு நேர் மேலே மட்டும் போகக் கூடாது. அங்கே காற்று சிதறிக் கிடக்கும், நம்மைத் தாங்காது, பொத்தென்று அவர்கள் மேலேயே விழுந்துவிடுவோம்.

கை இரண்டும் பறப்பதற்குத் தேவை என்பதால் போட்டோ எடுக்கும் சுவிட்ச் வாயில் இருக்கும். பல்லால் கடித்தால் படம் விழும். நாக்கால் அழுத்துகிற வகையும் உண்டு. ஒரு கண்ணுக்கு முன்னால் ரிங் சைட் என்ற சின்னக் கண்ணாடி வளையம், குறி பார்க்க. அகலக்கோண லென்ஸின் ஃபோகஸைத் தரையிலேயே சரிபார்த்து டேப் ஒட்டிவிடுவோம். மேலே போய்த் திருகுகிற வேலையெல்லாம் நடக்காது.

வீடியோ பார்க்கிற எல்லோரும் ஒன்று கேட்பார்கள்: பாராசூட் திறந்ததும் ஆளை மேலே இழுத்துக்கொண்டு போகிறதா என்று. இல்லை. சுமார் 5,000 அடியில் அவர்கள் பாராசூட் விரிந்து வேகம் குறைகிறது. படமெடுக்கிறவர் அதே வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார். அவர் கண்ணுக்கு அவர்கள் மேலே பாய்ந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் நம் பாராசூட்டைத் திறந்து, அவர்களுக்கு முன்னால் தரைக்கு வந்து, கேமராவைச் சரிசெய்து, இறங்குவதை எடுக்க ஓட வேண்டும்.

அரூர் பக்கத்து இன்ஜினியர் ஒருவர் குதிக்க வந்தார். தமிழ் கேட்டதும் ஒட்டிக்கொண்டார். உள்ளங்கையில் பெண் குழந்தையின் பெயரைப் பேனாவால் அழகாக எழுதியிருந்தார். மேலே போய் கேமராவுக்குக் காட்டுவதாகத் திட்டம். விமானம் ஏறும்வரை நாலு தடவை ஒத்திகை பார்த்தார். கதவு திறந்ததும் அந்தக் கை மூடியதுதான். நான் எதிரே பறந்து என் கையை விரித்து விரித்துக் காட்டுகிறேன், அவர் பதிலுக்கு அதே முஷ்டியை இன்னும் பலமாக இறுக்கி ஆட்டுகிறார். பாராசூட் திறந்த பிறகுதான் கை விரிந்ததாம், அப்போது நான் எங்கேயோ கீழே போயிருந்தேன். வீடியோ முழுக்க ஒரு முஷ்டிதான். அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, இறங்கின இடத்தில் கையைக் காட்டி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். இதற்கெல்லாம் என்ன சம்பளம் வரும் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் குதிக்கிற செலவு கழிந்தது, லென்ஸ் வாங்க முடிந்தது. இதை நம்பி வேலையை விடுகிற அளவுக்கு வரவில்லை.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ., 200 குதிப்பு முடிக்காமல் கேமரா மாட்ட வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. கோப்ரோ என்கிற குட்டிக் கேமரா உள்ளங்கைக்குள் அடங்குகிறதே, அதற்குமா என்று புதுப் பையன்கள் வாதாடுவார்கள். அதற்கும்தான். பாராசூட்டின் கயிறு கேமராவில் சிக்கலாம் என்பது ஒரு காரணம். அதற்காகவே ஹெல்மெட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடுகிற கொக்கி வைத்திருப்போம். பாராசூட் திறக்கிற உலுக்கலில் ஹெல்மெட்டின் கனம் கழுத்தைப் பதம் பார்க்கும் என்பது இன்னொன்று. இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து கவனம்தான். கேமரா ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று யோசிக்கிற மூளை உயரத்தை மறந்துவிடும்.

1988-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்ததை எங்களுக்குப் பாடமாகவே சொன்னார்கள். நூற்றுக்கணக்கான முறை குதித்த அனுபவசாலி ஒருவர் ஒரு மாணவரைப் படமெடுக்க விமானத்திலிருந்து பாய்ந்தார். பாராசூட்டே மாட்டியிருக்கவில்லை. அந்தக் காலத்து வீடியோ கருவிகளின் கனம் உடம்பில் இருந்ததால் பாராசூட் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம் என்பார்கள். கடைசி வரை கேமரா ஓடியிருக்கிறது. இப்போது காதுக்குள் உயரத்துக்கு உயரம் கீச்சிடும் மீட்டர் உண்டு. 1991-ல் ஜெர்மனியில் வந்த சைப்ரஸ் என்ற கருவி, 750 அடியில் நாம் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பாராசூட்டை, அதாவது அவசரத்துக்கென்று இருக்கும் இரண்டாவது பாராசூட்டை, தானே திறந்துவிடும். ஆனால் மாட்டாத பாராசூட்டை எந்தக் கருவியும் திறக்காது. அதனால் ஏறுவதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் தொட்டுச் சரிபார்ப்பது இன்றைக்கும் உண்டு.

சரி, வீட்டு விஷயம். அம்மாவுக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். சித்தப்பா மகன் ஃபேஸ்புக்கில் பார்த்துச் சொல்லிவிட்டான். "ஏன்டா, பொழப்புக்குப் போன ஊர்ல மேல இருந்து குதிக்கிறியா? கீழ நிக்கறதுக்கு இடமில்லையா?" என்று போனில் பிடித்துக்கொண்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. 2012-ல் சேலம் விமான நிலையத்தில் நடந்த பாராசூட் குதிப்பில் ஒரு இளம்பெண் இறந்துபோனார். தொப்பூர் கணவாய் தாண்டினால் வருகிற இடம், எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசிய செய்தி. பிற்பாடு சைப்ரஸைப் பற்றி நான் விளக்கோ விளக்கென்று விளக்கினேன். "அது வேலை செய்யலைன்னா?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

பெண் பார்க்கும்போது மாமா இதைப் பற்றி வாயைத் திறக்காதே என்றார். நான் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் அதோடு பேச்சு நின்றது. என் மனைவி கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்க்கிறவர். நிறுத்தச் சொல்லவில்லை, பயப்படவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் ரிக்கை, அதாவது பாராசூட் வைத்து முதுகில் மாட்டுகிற பையை, பிரித்துப் பார்த்து, "இதுல தேதி எங்க?" என்று கேட்டார். ரிசர்வ் பாராசூட்டை உரிமம் பெற்ற ஆள் பிரித்துச் சோதித்து மடித்து, ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை. அந்தத் தேதியை என் மனைவி தன் டைரியில் குறித்துக்கொண்டு, முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ஞாபகப்படுத்துவார். குதிதளத்தில் இருந்தவர்களே அவ்வளவு கறாராக இல்லை. டெர்ம் இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கட்டத்தை என்னை நிரப்பவிடாமல் தானே நிரப்பினார். பிரீமியம் கூடியது. ஆனால் மறைத்து எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? இந்த விளையாட்டில் இருக்கிற யாரும் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆக, கல்யாணத்தால் நின்றதா என்றால் இல்லை. மகள் பிறந்த பிறகும் குதித்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தோப்பு நடத்த ஆளில்லாமல் போனபோதுதான் ஊர் திரும்பினேன். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் என்றால் மற்ற வேலையெல்லாம் ஓரம்தான். பெங்களூரா மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைக்குப் போகும், வண்டி வரிசையில் நிற்கும், விலை மட்டும் நம் கையில் இருக்காது. இதற்கு நடுவில் குதிக்க எங்கே போவது? ஓசூர் பெலகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது, ஆனால் நான் நினைத்த நேரத்தில் போய்க் குதிக்கிற இடமில்லை அது. மைசூரில் எப்போதாவது முகாம் நடந்ததுண்டு. ஹரியானாவின் நார்னௌல் வரை போனால் ஒரு தளம் உண்டு. இடைவெளி விழுந்தால் இந்த விளையாட்டு நம்மை மறந்துவிடும். அனுபவசாலிகளுக்குத் தரும் சி உரிமம் வைத்திருப்பவரே ஆறு மாதம் குதிக்கவில்லை என்றால் பயிற்றுநரோடு மறுபடி பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள். ரிக்கை விற்றுவிட்டேன். பீரோவில் கிடந்தால் எலிக்குத்தான் ஆகும்.

விட்டதில் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது விழுவதா, படமெடுப்பதா என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விழுவதை ஒரு வருஷத்தில் மறந்துவிட்டேன். வெளிச்சம் எந்தப் பக்கம், ஆள் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்று பார்க்கிற பழக்கம் போகவில்லை. பொங்கல் கழிந்து எருது விடுதல் ஆரம்பித்தால் கேமராவோடு போய்விடுவேன். காளை வருகிற பக்கம் லென்ஸைத் திருப்பினால் பிந்திவிடும். அது எந்தத் திருப்பத்தில் தட்டியை ஒட்டி வரும் என்று முதல் இரண்டு காளையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அங்கே காத்திருக்க வேண்டும்.

இப்போது அதிகம் எடுப்பது நடுகற்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று கிடக்கின்றன. மாடு கவர்ந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனின் கல் பல இடங்களில் வேடியப்பன் சாமியாகப் பூஜை வாங்குகிறது. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மறைந்திருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான். காலையில் வெயில் சாய்வாக விழும்போது வில்லும் வாளும் மேலே உள்ள வட்டெழுத்தும் நிழல் கட்டி எழுந்து வரும். வெயில் இல்லாத நாளில் ஃபிளாஷைக் கையில் எடுத்து, கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இருந்து அடிப்பேன். எழுத்து தெரிய வேண்டுமென்று சிலர் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், கல்லுக்கும் கேடு, பூசாரிக்கும் கோபம் வரும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்த பிறகு எங்கள் ஊர்க்காரர்களே கல்லைக் காட்டக் கூப்பிடுகிறார்கள். முன்னெல்லாம் புதையல் தேடுகிறவன் என்று விரட்டினார்கள்.

கூடக் குதித்தவர்களில் விட்டவர்களும் உண்டு, ஐம்பது தாண்டியும் குதிக்கிறவர்களும் உண்டு. முழங்கால், கழுத்து, விசா, மாமனார் என்று ஆளுக்கொரு காரணம். நீங்கள் முதல்முறை டேண்டம் போவதாக இருந்தால், காசு கூட ஆனாலும் தனிக் கேமரா ஃப்ளையரைக் கேளுங்கள். பயிற்றுநரின் மணிக்கட்டுக் கேமராவில் உங்கள் மூக்குத் துவாரம்தான் பிரமாதமாக வரும்.

மறுபடி குதிப்பீர்களா என்று என் மனைவியும் கேட்டார். நார்னௌல் போய் வர ரயில் டிக்கெட், பயிற்சிக் கட்டணம், வாடகை ரிக் எல்லாம் சேர்த்து அவரே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இந்த சீசனில் பெங்களூரா என்ன விலை போகிறதோ, அதைப் பொறுத்தது.